தனித் தட்டுக்கு ஒரு முடிவு நாள்

திருப்பூரில் காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளராக இருக்கிறேன். லைன் வீடுகளில் என்னை 'மாத்திரைக்கார அக்கா' என்பார்கள். மாத்திரை கொடுப்பதும், அது நாள் தவறாமல் உள்ளே போகிறதா என்று பார்ப்பதும் என் வேலையில் பாதி. நோய் என்று தெரிந்ததும் ஒதுங்கி உட்கார்ந்துவிட்ட மனிதரை மறுபடி வீட்டுக்கும் வேலைக்கும் தெருவுக்கும் கொண்டுவந்து சேர்ப்பது மறுபாதி. முதல் பாதிக்குப் பயிற்சி உண்டு, பதிவேடு உண்டு, மாதாமாதம் கேட்கிற கணக்கு உண்டு. மறுபாதியை நாங்கள் வீடு வீடாக ஏறி இறங்கித்தான் கற்றுக்கொள்கிறோம்.

ஒரு வீட்டுக்கு முதன்முதலாகப் போகும்போது மூன்று விஷயங்களைக் கவனிப்பேன். ஜன்னல் திறந்திருக்கிறதா? நோயாளி எங்கே படுக்கிறார்? அவருடைய தட்டும் டம்ளரும் எங்கே இருக்கின்றன?

லைன் வீடு என்றால் ஒரே அறை. பின்பக்கம் ஒரு தடுப்பு வைத்து அதையே சமையல்கட்டு ஆக்கியிருப்பார்கள். கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று. அந்த ஒரு ஜன்னலை மறைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் பீரோ நிற்கும். வேறு இடம் கிடையாது. பகலிலும் குழல்விளக்கு எரியும். பனியன் கம்பெனிக்குப் போகிற நான்கைந்து பேர் அந்த அறையில் வரிசையாகப் படுத்து எழுந்திருப்பார்கள். நோயாளி அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து சிகிச்சை அட்டையோடு வந்திருப்பார். அதற்குள் அவருடைய தட்டு வெளியே துவைக்கிற கல்லுக்கு மேலே ஏறியிருக்கும். பீரோ மட்டும் ஜன்னலை விட்டு நகர்ந்திருக்காது.

காசநோய் காற்றில் பரவுவது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் கிருமி நுண்துளியாக வெளியே வந்து, காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதே அறையில் பல நாள் கூடவே இருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். தட்டிலோ டம்ளரிலோ துணியிலோ அது ஒட்டிக்கொண்டு பரவுவதில்லை. வெயிலும் காற்றும் அதற்கு எதிரி. ஆகவே நான் முதலில் சொல்வது, "பீரோவைத் தள்ளுங்க, ஜன்னலைத் திறங்க" என்பதுதான். தட்டைப் பற்றிய பேச்சு பிறகு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருமல் தொடங்கிப் பரிசோதனைக்கு வந்து சேர்வதற்குள் பல வாரம், சிலருக்குப் பல மாதம் ஓடிவிடுகிறது. மருந்துக்கடை டானிக், பக்கத்துத் தெரு ஊசி, சொந்த ஊர் கஷாயம் எல்லாம் முடிந்த பிறகுதான் சளிப் பரிசோதனைக்கு வருவார்கள். வீட்டாருக்குத் தொற்ற வேண்டியது பெரும்பாலும் அந்த இடைக்காலத்திலேயே தொற்றிவிடும். மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை நோயென்றால், சரியான மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் பரவும் தன்மை பெருமளவு அடங்கிவிடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், வீட்டில் தட்டு பிரிகிற நாளும் ஆபத்து இறங்கத் தொடங்குகிற நாளும் ஒன்றேதான். ஆபத்து இருந்த மாதங்களில் எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே பாயில் படுத்திருந்தார்கள். அது போகிற நேரத்தில்தான் ஒதுக்கி வைக்கிறார்கள்.

எங்கள் தொழிலே பிறந்ததற்கு, மாத்திரை தொடங்கினால் ஆபத்து இறங்கும் என்கிற இந்த உண்மைதான் காரணம் என்று சொல்வேன். ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து ஒரு சானடோரியம் தொடங்கினார். இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு, ஊரைவிட்டுத் தள்ளி இருப்பது, இவைதான் அந்நாளைய வைத்தியம். மருந்துகள் வந்த பிறகு, 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் என்று ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து நடத்திய அந்த மையத்தில் ஒரு துணிச்சலான சோதனை நடந்தது. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு நெருக்கடியான அவர்களுடைய சொந்த வீட்டிலேயே, குடும்பத்தோடு வைத்து, அதே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும், வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது பிறகு வந்த முடிவு. இரண்டு பிரிவு நோயாளிகளின் வீட்டாரையும் ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆய்வில் வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்கள் சுகாதாரப் பார்வையாளர்கள். அவர்கள் நடந்த வழியில்தான் நாங்கள் நடக்கிறோம்.

அறுபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. ஊருக்கு வெளியே இருந்த சானடோரியத்தின் தேவை போய்விட்டது. ஆனால் வீட்டுக்குள்ளேயே திண்ணையில், மாடிப்படிக்கு அடியில், கொட்டகையில் சின்னச் சின்னச் சானடோரியங்கள் இன்னும் இருக்கின்றன.

இதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. இதே மக்கள் அம்மை போட்ட வீட்டில் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன்.

சின்னம்மை கண்டதும் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்து வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டாரும் அடுத்த வீட்டுக்குப் போகமாட்டார்கள். அடுப்பில் தாளிக்கமாட்டார்கள். இளநீரும் மோரும் கொடுப்பார்கள். கொப்புளம் அமுங்கிக் காயத் தொடங்கியதும் ஒற்றைப்படை நாளாகப் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். காலையிலேயே அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் தூளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்துவிடுவார்கள். உச்சிப் பொழுதில் அது வெதுவெதுப்பாக ஆகியிருக்கும். வீட்டில் மூத்த பெண்மணி ஒருத்தர்தான் ஊற்றுவார். வேப்பிலைக் கொத்தால் முதுகை மெல்லத் தடவிவிடுவார். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று முடிந்ததும் பாய், போர்வை எல்லாம் அலசிக் காயப்போட்டு, வீடு கழுவி, மாரியம்மன் கோயிலுக்குப் போய்வருவார்கள். அன்றோடு சரி. மறுநாள் அந்தப் பிள்ளை தெருவில் மற்ற பிள்ளைகளோடு விளையாடும். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

மருத்துவம் சொல்வதும் ஏறத்தாழ இதுதான். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியதும் சின்னம்மை பரவுவது நின்றுவிடும். கர்ப்பிணிகளுக்கும் பெரியவர்களுக்கும் வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்வேன். மற்றபடி அந்த முறையில் நான் கவனிப்பது வேறொன்று. தனிமைக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, அது ஊருக்குத் தெரிகிறது. அதுபோலவே ஒரு முடிவும் இருக்கிறது, அதுவும் ஊருக்குத் தெரிகிறது. முடிந்தது என்று நோயாளி தானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர் தண்ணீர் ஊற்றி எல்லார் முன்னாலும் முடித்துவைக்கிறார்.

காசநோய்க்கு அந்த முடிவு நாள் இல்லை. அங்கேதான் சிக்கல். மாத்திரை ஆறு மாதம் ஓடுகிறது. மாத்திரை ஓடும்வரை நோயும் ஒட்டும் என்று வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் தனியாக இருந்த தட்டு, பிறகு பழக்கத்தாலேயே தனியாக நின்றுவிடுகிறது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஓவர்லாக் டைலர் ஒரு தம்பி, தேனிப் பக்கத்துக்காரர். மனைவி செக்கிங் வேலைக்குப் போகிறவர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கடந்திருந்தது. இருமல் நின்றிருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. வீட்டாரைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதிசெய்து, குழந்தைக்குத் தடுப்பு மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. ஆனாலும் அவர் வாசற்படியில்தான் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு அங்கேதான். குழந்தை உள்ளேயிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவரும் கூப்பிடமாட்டார்.

"உள்ள போய் உட்காருப்பா" என்றேன்.

"வேணாங்கா. பாப்பா இருக்கு."

அவருடைய அம்மாவிடம் கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. அவனாத்தான் ஒதுங்கிக்கிட்டான். ஆனா பச்சப்புள்ள இருக்குற வீடு பாருங்க, எதுக்கு வம்பு?" என்றார். அவர் குரலில் வெறுப்பு இல்லை. பயமும் பாசமும் கலந்திருந்தன.

வீட்டுக்காரம்மா, அதாவது லைன் வீடுகளின் சொந்தக்காரர், தண்ணீர்த் தொட்டி அருகே நின்றபடியே கேட்டார். "ஏனுங்க, இந்தப் பையன் இன்னும் எத்தன நாளைக்குங்க மருந்து திங்கோணும்? அதுவரைக்கும் ஒட்டுமுங்களா?"

அவர் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பவரிடம் நமக்கு வேலை கடினம். எல்லாரையும் அங்கேயே உட்காரச் சொன்னேன். மனைவி வேலை முடிந்து வரும் நேரமாகப் பார்த்துத்தான் போயிருந்தேன். அட்டையை எடுத்து மாத்திரை தொடங்கிய தேதியைக் காட்டினேன். ஒருநாளும் விடவில்லை என்பதைக் காட்டினேன். பரவும் காலம் எந்தத் தேதியோடு கழிந்தது, மாத்திரை எந்தத் தேதியோடு முடியும், இரண்டும் ஏன் வேறு வேறு என்று விளக்கினேன். வெளியே வரக்கூடிய கிருமி சீக்கிரம் அடங்கிவிடும், உள்ளே பதுங்கியிருப்பதை வேரோடு எடுக்கத்தான் மீதி மாதங்கள். "அப்ப இவன் இப்ப புள்ளயத் தூக்கலாமா?" என்று அந்த அம்மா கேட்டார். தூக்கலாம் என்றேன். "எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். டாக்டரிடம் கேட்டு, அட்டையின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

அன்றுமுதல் மாத்திரை தொடங்குகிற முதல் நாளிலேயே இரண்டு தேதிகளையும் வீட்டாரிடம் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். மாத்திரை விடாமல் சாப்பிட்டால் இன்ன தேதிவரை முகக்கவசம், தனிப் படுக்கை, திறந்த ஜன்னல். அதன்பிறகு டாக்டர் பார்த்துச் சரி என்றதும் எல்லாரையும்போல. மருந்துக்குக் கட்டுப்படாத வகையென்றால் அந்தத் தேதி தள்ளிப்போகும், அதை டாக்டர்தான் முடிவு செய்வார் என்பதையும் சொல்லிவிடுவேன். முடிவு நாள் முன்கூட்டியே தெரிந்தால் தனிமை ஒரு தண்டனையாகத் தெரிவதில்லை. அந்தத் தேதியில் மறுபடியும் போய், வீட்டிலுள்ள எல்லார் முன்னாலும் சொல்வேன். கொடுக்கிற டீயை அங்கேயே உட்கார்ந்து குடிப்பேன். நூறு வார்த்தை சொல்வதைவிட அது அவர்களுக்குப் புரிகிறது.

வீடு சேர்த்துக்கொண்ட பிறகு வேலை. திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பித்தான் அடுத்த வாரம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக அரசு வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். முட்டைக்கும் கடலைக்கும் அது உதவும், வாடகைக்குப் போதாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு ஒரு பெரிய வழி உண்டு. நீண்டகால நோய்களின் பட்டியலில் காசநோய் இருக்கிறது. தகுதிக்காலம் நிறைந்தவர்கள் சம்பளத்தில் 80 சதவீதம் வரை நோய்க்காலப் பணமாகப் பெறலாம், தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரைகூட. இது தெரியாமல் நோயை மறைத்துக்கொண்டு ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனது கனத்திருக்கிறது. காண்ட்ராக்ட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் பலருக்கு இதுவும் கிடைப்பதில்லை. அவர்கள் சீக்கிரம் மிஷினில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

தொற்று அடங்குவதும் உடம்பு தேறுவதும் ஒன்றல்ல என்பதை இங்கேதான் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் பரவாது என்றால் இரண்டு வாரத்தில் பழைய பலம் வந்துவிடும் என்று பொருளில்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்து போகும். வயிறு புரட்டும், மூட்டு வலிக்கும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயப்படுவார்கள். அந்த நிறம் மருந்தினுடையது, பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளித்தாலோ விடாமல் வாந்தி வந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வரச் சொல்வேன். இரண்டாம் மாதத்தில் பசி திரும்பும். எடை ஏறுவதைக் காட்டினாலே பலருக்குத் தெம்பு வந்துவிடும். அப்போதுதான் ஓர் ஆபத்தும் வருகிறது. வேலைக்குப் போய்விட்டோம், உடம்பும் தேறிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று தோன்றும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறக்கூடும். அதனால் வேலைக்குப் போகிற நாளில் மாத்திரை எந்த நேரத்தில், வீட்டிலா கம்பெனியிலா என்பதைப் பேசி முடிவு செய்த பிறகே அனுப்புவேன்.

நோயாளி சம்மதித்தால் கம்பெனி சூப்பர்வைசரிடமும் பேசுவேன். சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தையும் வெளியே போகாது. நான் கேட்பது அதிகமில்லை. முதல் மாதம் ஒரு ஷிப்ட் மட்டும் போடுங்கள், ஓவர்டைம் வேண்டாம். பஞ்சுத் தூசு பறக்கிற மூலையில் உட்கார வைக்காதீர்கள். அவர் வரும் அன்று லைனில் இருப்பவர்கள் முன்னால் "வாப்பா, உன் மிஷின் அப்படியேதான் இருக்கு" என்று நீங்களே கூப்பிடுங்கள். ஒரு சூப்பர்வைசர் அப்படிச் சொன்ன அன்று, பக்கத்து மிஷின்காரர்கள் டீ நேரத்தில் அவரோடு சேர்ந்தே போனார்கள். இன்னோர் இடத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அந்த அமைதியே அவரை வேறு கம்பெனிக்கு அனுப்பிவிட்டது.

பெண்களுக்குத் திரும்புகிற பாதை இன்னும் நீளம். ஆணுக்கு நோய் வந்தால் மனைவி பார்த்துக்கொள்கிறார். மருமகளுக்கு வந்தால், "அம்மா வீட்ல இருந்து உடம்பத் தேத்திக்கிட்டு வரட்டும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். சொல்வது அன்பாகத்தான் இருக்கும். எப்போது கூப்பிடுவார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால் அனுப்பும்போதே கணவரிடம் நான் தேதி கேட்பேன். முடிந்தால் அனுப்பவே வேண்டாம் என்பேன், சென்னையில் அன்று செய்த சோதனையைச் சொல்வேன். மாமியாரையே மாத்திரை கொடுக்கும் பொறுப்பில் வைத்தால் பல வீடுகளில் பலன் கிடைக்கிறது. தினம் தன் கையால் மாத்திரை எடுத்துக்கொடுத்து, மருமகள் தேறிவருவதைக் கண்ணால் பார்க்கிறவருக்குப் பயம் தானாகக் குறைகிறது. கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணென்றால் வீடு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். அங்கே நான் சீருடையோடு, பதிவேட்டோடு போகமாட்டேன். அவர்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்தில் பார்ப்பேன்.

ஆறு மாதம் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்பவர்கள் உண்டு. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தேடுவார்கள். விருந்தில் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். சாதாரண ஜலதோஷத்துக்கு ஒருமுறை இருமினாலும் சுற்றிப் பார்ப்பார்கள். இவர்களுக்காகவே, சிகிச்சை முடிந்த பின்னும் இரண்டு ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. நான் அப்படியே, மனிதர் திரும்பியிருக்கிறாரா என்பதையும் பார்த்துவிட்டு வருகிறேன். நுரையீரலில் தழும்பு நின்று மூச்சிரைப்பு இருந்தால் அதற்கும் மூச்சுப் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு. அதை நோய் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

2020-ல் கொரோனா வந்தபோது எல்லாருமே சில நாள் காசநோயாளிகள் ஆனோம். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். 14 நாள் என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு முடிந்த பிறகும் பால்காரர் தள்ளி நின்றதும், எதிர்வீட்டுக் கதவு சாத்தியதும் எவ்வளவு வலித்தது என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வலி தெரிந்தவர்களிடம் பேசுவது இப்போது எனக்கு எளிதாகியிருக்கிறது.

தொற்றுநோய்க்குத் தனிமை சில நாள் தேவைதான். அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை. ஆனால் தனிமையைத் தொடங்கிவைக்கிறவர்களுக்கு அதை முடித்துவைக்கிற கடமையும் உண்டு. நோயாளி தானே வந்து "எனக்குச் சரியாகிவிட்டது, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கும்படி விடக்கூடாது. வீட்டில் மூத்தவர் சொல்ல வேண்டும், கம்பெனியில் சூப்பர்வைசர் சொல்ல வேண்டும், லைன் வீட்டில் வீட்டுக்காரம்மா சொல்ல வேண்டும். எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ இப்படி ஒருவர் ஒதுங்கி இருந்தால், அவருடைய டாக்டரிடமோ சுகாதாரப் பார்வையாளரிடமோ அந்தத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாள் வந்ததும் நீங்களே முதலில் போய் அவரைப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.